காசில்லாத தேனிலவு

இலேனியாவும் நானும் ரோமில் ஒரே ஆஸ்பத்திரியில், ஒரே வார்டில் நான்கு வருடம் நர்ஸ் வேலை பார்த்தோம். அவளுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் வேலை நீட்டிப்பு. மூன்றாம் மாதக் கடைசி வாரம் வந்துவிட்டால் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசமாட்டாள். மாடிப்படியில் இரண்டு இரண்டு படியாகத் தாவுவாள். கேன்டீனில் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. புதுக் காகிதம் வந்து கையெழுத்துப் போட்ட பிறகு பத்து நாள் கொஞ்சம் அடங்குவாள். அப்புறம் மறுபடியும் நாள் எண்ண ஆரம்பித்துவிடுவாள்.

அவள் கட்டிக்கொண்ட வலேரியோ நேர் எதிர். நகராட்சிப் பூங்காக்களில் மரக்கிளை கழிக்கும் ஒப்பந்தக்காரரிடம் வேலை. இருபது மீட்டர் உயரத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டு பாட்டுப் பாடுகிற ஆள். எதற்கும் அவசரப்படமாட்டான். எங்கள் ஊரில் எந்தப் பெயரையும் பாதியில் வெட்டித்தான் கூப்பிடுவோம். இவளுக்கு அவன் வலே, அவனுக்கு இவள் இலே.

ஜூன் மாதம் இரண்டாவது சனிக்கிழமை கல்யாணம் நடந்தது. நகர மண்டபத்தில் பதிவு, பிறகு ஊரின் ஓரத்தில், சென்தோசெல்லே பகுதியில், அவன் அம்மா வீட்டு முற்றத்தில் சாப்பாடு. தேனிலவுக்கு சார்தீனியா தீவுக்குப் போவதாக இருந்தார்கள். ஆனால் ஏப்ரல் மழையில் அந்த வீட்டுக் கூரை ஒழுகி, சேர்த்து வைத்தது எல்லாம் கூரைக்குப் போய்விட்டது. இரண்டு பேருக்கும் ஒரு வாரம் லீவு மட்டும் கையில் மிஞ்சியது.

இன்னொரு விஷயமும் இருந்தது. ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்று அவளை நிரந்தர வேலைக்கு எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. ஒன்றரை வருடமாக வேலை முடிந்து போய் ஜெர்மன் படித்தவள். அந்த லீவு வாரத்து வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். வலேரியோவுக்கு இது தெரியும். கடிதம் வந்த அன்றைக்குப் படித்துவிட்டு, "நல்ல கடிதம்" என்றான். அதன்பிறகு அதைப் பற்றி அவன் வாயைத் திறக்கவில்லை. அவளும் திறக்கவில்லை.

கல்யாணத்துக்கு மறுநாள் காலை, மாமியார் மாதா கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், அவன் சமையலறை மேசையில் ஒரு காகிதத்தை விரித்தான்.

"நாளையிலேருந்து வெள்ளிக்கிழமை வரைக்கும் அஞ்சு நாள். உலகம் முழுக்க இந்த ஊரைப் பாக்கணும்னு வருது. நாம பொறந்து வளந்தும் பாதி பாத்ததில்ல. ஒரு சென்ட் செலவில்லாம பூரா பாக்கப் போறோம்."

"பஸ்ஸு?"

"மாசப் பாஸ் இருக்குல்ல. அது சேராது."

"சாப்பாடு?"

"அம்மா ரொட்டி கட்டித் தர்றாங்க. தண்ணி தெருக் குழாய்ல. ஐஸ்கிரீம் கேட்டா ஆட்டத்துலேருந்து அவுட்."

அவள் சிரித்தாள். அந்தக் கணத்தில் நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது என்று பின்னால் என்னிடம் சொன்னாள். காகிதத்தில் அவன் கையெழுத்து பள்ளிக்கூடப் பையன் எழுதியதைப் போல உருண்டை உருண்டையாக இருந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை என்ற வார்த்தைக்கு நேரே மூன்று இடங்களின் பெயரை அவன் நெருக்கி எழுதியிருந்ததைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. அன்றைக்கு வேறு எதற்கும் இடமே விடவில்லை அவன்.

திங்கட்கிழமை ஜனிகோலோ குன்றுக்குப் போனார்கள். அங்கே தினமும் நண்பகலுக்கு ஒரு பீரங்கி வெடிப்பார்கள். பதினொன்றரைக்கே கைப்பிடிச் சுவரில் இடம் பிடித்தான் வலேரியோ. கீழே நகரம் முழுவதும் வெயிலில் கிடந்தது, கோபுரமும் கூரையுமாக.

"அதோ பாரு, அந்தப் பைன் மரங்க. நடுவுல இருக்கறது நான் கழிச்சது."

"ம்."

"டிக்கெட் வாங்கி, விமானம் ஏறி, ஓட்டல்ல தங்கி வந்து இதப் பாக்கறாங்க. நமக்குச் சும்மா. எல்லாமே சும்மா, இலே."

அவன் அதைச் சொன்ன விதம், வீட்டுத் தரகர் அறை அறையாகத் திறந்து காட்டுவதைப் போல இருந்தது. சுவரில் சாய்ந்திருந்தவள் நிமிர்ந்தாள். நான்கு எட்டு நடந்தாள், திரும்பினாள், மறுபடி நடந்தாள். பக்கத்தில் ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டு காத்திருந்தது. பீரங்கி வெடித்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். இவள் மட்டும் தட்டவில்லை; மறுபடி நடக்க ஆரம்பித்தாள்.

"பயந்துட்டியா?" என்று தோளில் கை போட்டான்.

"எனக்கு வேர்க்குது. கைய எடு."

அன்று மாலை ஆறு மணிக்கு, மாமியார் தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்திருந்த நேரத்தில், குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு இலேனியா ஸ்டுட்கார்ட்டுக்குப் பதில் அனுப்பினாள். வருகிறேன் என்று. நான்கு வரிதான். அனுப்பிவிட்டுக் குழாயைத் திறந்து விட்டாள், முகம் கழுவுகிற சத்தம் வெளியே கேட்கட்டும் என்று.

அனுப்பிவிட்டால் மனம் அடங்கிவிடும் என்று நினைத்திருந்தாள். நேர்மாறாக ஆயிற்று.

செவ்வாய்க்கிழமை அவென்தீனோ மேட்டில், பெரிய பச்சைக் கதவொன்றின் சாவித்துவாரத்துக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். துவாரம் வழியாகப் பார்த்தால், வேலிச் செடிகளுக்கு நடுவே தூரத்தில் புனித பேதுரு கோயிலின் கோபுரம் மட்டும் தெரியும். முக்கால் மணி நேர வரிசை, நல்ல வெயில். அவள் கால் மாற்றி நின்றாள், போனை எடுத்தாள், வைத்தாள், வரிசையை விட்டு விலகிப்போய் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிவிட்டு வந்தாள்.

பின்னால் நின்ற பெரிய வயிற்றுக்காரர் ஒருவர், ரோம்காரர்தான், பொறுக்க முடியாமல் கேட்டார்: "ஏம்மா, உனக்கு ரயிலுக்கு நேரமாச்சா?"

"கல்யாணம் ஆயி மூணு நாளாச்சு சார்" என்றான் வலேரியோ பெருமையாக.

"அப்போ பதட்டம் இருக்கத்தான் செய்யும். எனக்கு நாப்பது வருஷமாச்சு, இன்னும் போகல."

இலேனியாவின் முறை வந்தது. குனிந்தாள், நிமிர்ந்தாள்.

"அவ்ளோதானா? ஒரு செகண்டா?" என்றான் வலேரியோ.

"கோபுரம். இருக்கு. பாத்தாச்சு."

"உன் பொண்டாட்டி தங்கம்யா!" என்றார் வயிற்றுக்காரர். "எல்லாரும் இப்படிப் பாத்தா நான் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிடுவேன்."

வலேரியோ குனிந்தான். கண்ணைத் துவாரத்தில் வைத்தவன் வைத்ததுதான். ஒரு நிமிடம் ஆயிற்று. வரிசை முணுமுணுக்க ஆரம்பித்தது.

"தம்பி, உள்ளயே குடித்தனம் வச்சிட்டியா?"

"வாடகைக்கு விடறாங்களான்னு கேட்டுச் சொல்லு!" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கத்தினாள்.

எல்லோரும் சிரித்தார்கள். வலேரியோ நிமிர்ந்தபோது அவனும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். ஆனால் கண் கலங்கியிருந்தது. வெயில், தூசி என்று அவளே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டு இறங்கி நடக்க ஆரம்பித்தாள்.

புதன்கிழமை, அந்தக் காலத்தில் ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்த நீர்ப்பாலங்களின் கல் வளைவுகள் நிற்கிற வயல்வெளிக்குப் போனார்கள். ஏழெட்டுக் கிலோமீட்டர் நடை. அவள் முன்னால் போய்க்கொண்டே இருந்தாள். "இலே, பந்தயமா வச்சிருக்கோம்?" என்று அவன் இரண்டு முறை கூப்பிட்டான். ரொட்டியை நின்றபடியே தின்றாள். அவன் ஒரு வளைவின் நிழலில் படுத்து அரை மணி நேரம் தூங்கினான். அவள் அவனைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தாள். எழுப்பிச் சொல்லிவிடலாம் என்று மூன்று முறை குனிந்தாளாம். வாய் திறந்து, தொப்பியில் எறும்பு ஏறிக்கொண்டிருப்பதைப் பார்த்து, அதைத் தட்டிவிட்டு நிமிர்ந்துவிட்டாள்.

"தூங்கற மனுஷனப் பாத்து எப்படிடீ சொல்றது?" என்று என்னிடம் கேட்டாள். முழித்திருக்கும்போது சொல்லியிருக்கலாமே என்று நான் கேட்கவில்லை.

வியாழக்கிழமை வெயில் இன்னும் கொடுமை. நவோனா சதுக்கத்துக்குப் பக்கத்தில், சான்த் அகொஸ்தினோ கோயிலுக்குள் அவளைக் கூட்டிப் போனான். உள்ளே குளுமையாக, இருட்டாக இருந்தது. மத்தியான நேரம்; ஆள் இல்லை. இடது பக்கத்து முதல் பீடத்தில் கரவாஜோ என்ற பழைய காலத்து ஓவியர் வரைந்த படம் ஒன்று இருக்கிறது. இருட்டில் அது கறுப்புப் பலகை மாதிரிதான் தெரியும். பக்கத்துச் சுவரில் ஒரு பெட்டி உண்டு. காசு போட்டால் விளக்கு எரியும், இரண்டு நிமிடத்தில் தானாகவே அணைந்துவிடும்.

"போடு" என்றாள்.

"ஆட்டத்துல காசு கிடையாது. யாராவது வருவாங்க. அவங்க போடுவாங்க, நாம பாப்போம்."

"யாரும் இல்லையே, வலே."

"வருவாங்க. நமக்கென்ன அவசரம்?"

பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஐந்து நிமிடம் போயிற்று. யாரும் வரவில்லை. வெளியே ஸ்கூட்டர் ஒன்று போன சத்தம், பிறகு அதுவும் இல்லை. இருட்டில் அவன் முகம் தெரியவில்லை, மூச்சு மட்டும் கேட்டது. மெதுவான, நிதானமான மூச்சு. அது இப்படியே இன்னும் ஒரு மணி நேரம் காத்திருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. நாளைக்கும், அடுத்த வருடமும், யாரோ வந்து விளக்குப் போடட்டும் என்று காத்திருக்கும்.

"திங்கக்கிழமையே பதில் அனுப்பிட்டேன்" என்றாள்.

மூச்சு நின்றது.

"என்ன பதில்?"

"வரேன்னு."

பெஞ்சில் அவன் தள்ளி உட்கார்ந்த சத்தம் கேட்டது.

"வலே."

"திங்கக்கிழமையா? பீரங்கி வெடிச்சுதே, அன்னிக்கா?"

"சாயங்காலம்."

"அப்போ செவ்வாக்கிழமை என்கூட வரிசைல நின்னது? நேத்து அவ்ளோ தூரம் நடந்தது? எல்லாம் தெரிஞ்சுகிட்டா? நான் ஒரு முட்டாள் மாதிரி கையக் காட்டிக் காட்டி..."

குரல் உடைந்தது. பெஞ்சு நடுங்குவதை அவள் உணர்ந்தாள். அவன் அழுகிறான் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவன் அழுது அவள் பார்த்ததே இல்லை. அவள் கண்ணிலிருந்தும் கொட்ட ஆரம்பித்தது.

அப்போதுதான் பின்னாலிருந்து செருப்புச் சத்தமும், பெட்டியில் காசு விழுந்த ஓசையும் கேட்டன. பளீரென்று விளக்கு எரிந்தது.

இருட்டிலிருந்து படம் பாய்ந்து வெளியே வந்தது. வாசற்படியில் குழந்தையோடு நிற்கிற மாதா. எதிரே மண்டியிட்டிருக்கும் ஏழைக் கிழவனும் கிழவியும். கிழவனின் உள்ளங்கால் அழுக்கு நேராகப் பார்க்கிறவர்கள் முகத்துக்கு எதிரே. அதே வெளிச்சம் இவர்கள் மேலும் விழுந்தது. மூக்கு ஒழுக, கண் சிவக்க, இரண்டு பேரும் அப்படியே அகப்பட்டுக்கொண்டார்கள்.

மூன்று கன்னியாஸ்திரீகள் நின்றிருந்தார்கள். பேச்சில் இத்தாலியின் தெற்குப் பக்கத்துக்காரர்கள். குட்டையாக இருந்த பெரியவர் இவர்களைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தார்.

"அழுங்க பிள்ளைங்களா, அழுங்க. வெக்கப்படாதீங்க. எனக்கும் இதப் பாக்கறப்பல்லாம் இப்படித்தான் ஆகுது."

வலேரியோ எழுந்தான். "நன்றி சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான். விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. படத்தைப் பார்க்காமல் போனால் அந்த அம்மாள் வருத்தப்படுவாரோ என்று இலேனியா ஒரு நொடி நின்றாளாம். அவள் புத்தி அப்படி. பிறகு ஓடினாள்.

அவன் வேகமாக நடந்தான். மெதுவான மனிதன் கோபம் வந்தால் எப்படி நடப்பான் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. இருபது அடி பின்னால் இவள். பெரிய சதுக்கத்தையும் அதன் நீரூற்றுகளையும் தலை நிமிராமல் கடந்தார்கள். பூச்சந்தை முடிந்து தண்ணீர் அடித்துக் கழுவிக்கொண்டிருந்த இடத்தில் வழுக்கி விழப்போனாள். ஒரு சந்து முனையில், கையைக் கோத்துக்கொண்டு நின்ற வெளியூர் ஜோடி ஒன்று அவளை மறித்து ஒரு போனை நீட்டியது. படம் எடுத்துத் தர வேண்டுமாம்.

யாரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாதவள் அவள். எடுத்தாள். இன்னொன்று என்றார்கள், அதையும் எடுத்தாள். தலை நிமிர்ந்தபோது வலேரியோவைக் காணவில்லை.

எந்தப் பக்கம் போனான்? இடது சந்தில் ஓடினாள், சுவரில் முட்டியது. திரும்பி வந்தாள். அவனுக்குப் போன் செய்தாள், எடுக்கவில்லை. பிறந்த ஊரில் வழி தெரியாமல் நின்றது அதுதான் முதல் முறை. கடைசியில் ஆற்றை நோக்கி ஓடினாள். சிஸ்தோ பாலத்தின் நடுவில், சுவரில் முழங்கையை ஊன்றித் தண்ணீரைப் பார்த்தபடி நின்றிருந்தான். அவளுக்காகத்தான் நின்றிருக்கிறான். அது தெரிந்துவிடக் கூடாதென்று தண்ணீரைப் பார்க்கிறான்.

மூச்சு வாங்க அவன் பக்கத்தில் போய் நின்றாள்.

"எப்போ போகணும்?" என்றான் திரும்பாமல்.

"செப்டம்பர் பதினஞ்சு."

"எங்க தங்குவ?"

"ஆஸ்பத்திரிக் குடியிருப்புல. எத்தனை பேருன்னு கேட்டிருந்தாங்க." கொஞ்சம் தயங்கினாள். "ரெண்டுன்னு எழுதினேன்."

இப்போதுதான் திரும்பினான். "என்னக் கேக்காமலா?"

"உன்னக் கேட்டா இன்னொரு நீரூத்தக் காட்டியிருப்ப!"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரக் கூடாது என்று பல்லைக் கடித்தான், அப்படியும் வந்தது. சிரிப்பு வந்த கோபத்தில் சுவரைக் கையால் அடித்தான்.

"வேற என்னத்தக் காட்டறது உனக்கு, இலே? அம்மா வீட்ல ரெண்டு ரூம். ஒழுகற கூரை. என்கிட்ட இருக்கறதுல நல்லது இந்த ஊரு ஒண்ணுதான். அதக் காட்டினா நீ இருந்துடுவேன்னு நெனச்சேன்."

"தெரியும்டா."

"தெரிஞ்சும் போற."

"எனக்குப் பிடிக்கலன்னு நெனைக்கிறியா? பீரங்கி வெடிச்ச அந்தக் குன்னு மேல நின்னப்போ எனக்குக் கத்தணும் போல இருந்துச்சு. இத்தனையும் சும்மாக் குடுக்கறாங்க, ஆனா நாம ரெண்டு பேரும் கதவச் சாத்திக்க ஒரு ரூம் குடுக்க மாட்டேங்கறாங்க. நான் இந்த ஊர விட்டு ஓடலை. மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஆபீஸ் வாசல்ல கைய கட்டிட்டு நிக்கறேனே, அத விட்டு ஓடறேன். அதையும் நீ வந்து பாத்திருக்கணும், உன் லிஸ்ட்டுல போட்டு."

அவன் மறுபடி தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு, "நான் வரேன்னு சொல்லல" என்றான்.

"சொல்ல வேணாம்."

"எனக்கு அந்த பாஷையில ஒரு வார்த்த தெரியாது. அம்மா இருக்காங்க."

"தெரியும்."

"கோபம் போகல எனக்கு. அதையும் தெரிஞ்சுக்க."

"சரி."

ட்ராம் ஏறி வீட்டுக்குப் போனார்கள், அடுத்தடுத்த இருக்கையில். மறுநாள் அவன் தனியாக எங்கேயோ கிளம்பிப் போய் சாயங்காலம்தான் வந்தான். எங்கே என்று அவள் கேட்கவில்லை.

செப்டம்பரில் அவள் தனியாகத்தான் போனாள். ரயில் நிலையத்தில் நானும் இருந்தேன். வலேரியோ பெட்டியை ஏற்றி வைத்துவிட்டு, ரயில் கிளம்புவதற்கு முன்பே இறங்கி நடந்துவிட்டான். அந்தக் குளிர்காலம் இரண்டு பேருக்கும் மோசமாகப் போனது. போனில் சண்டை. பத்து நாள் பேசாமல்கூட இருந்தார்கள். இப்போது ஆடி அலைந்தது அவன்தான். வேலை விட்டதும் வீட்டுக்குப் போகாமல் இருட்டும்வரை நடக்கிறான் என்று அவன் அம்மா என்னிடம் வந்து புலம்பினார். ஒருநாள் தேவெரே ஆற்றங்கரையில் எதிரே வந்தவன், என்னைப் பார்த்து நின்று, "எல்லாத்தையும் ரெண்டாவது தடவை பாத்துட்டேன்" என்றான். பிறகு நடையைக் கட்டினான்.

பிப்ரவரியில் ஐந்து நாள் லீவு போட்டுவிட்டு ஸ்டுட்கார்ட் போனான். போன மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, இலேனியாவுக்கு டூட்டி. அவன் ஒருவனாக நாள் முழுவதும் பனியில் ஊரைச் சுற்றியிருக்கிறான். அவள் திரும்பி வந்தபோது சமையலறையில் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். மேசையில் பாதி வெட்டிய ரொட்டி ஒன்று. அதை விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஊர் எப்படி இருக்கு என்று கேட்க அவளுக்குப் பயமாக இருந்ததாம். பூட்ஸைக் கழற்றினாள், தண்ணீர் குடித்தாள், கைப்பையை ஒரு இடத்திலிருந்து எடுத்து இன்னொரு இடத்தில் வைத்தாள்.

அவனே பேசினான். "இந்த ரொட்டிய மனுஷன் திம்பானா? ஈரமா, புளிப்பா, கல்லு மாதிரி. இங்க நல்ல ரொட்டிக் கடை எங்க இருக்கு?"

"நாலு நாள்ல போறவன், இத வச்சு ஒப்பேத்திக்க" என்றாள்.

"நாலு நாளுக்கு யாருடி கேட்டா?" என்றான் அவன்.

அன்றைக்கே இலேனியா எனக்குப் போன் செய்து இதைச் சொன்னாள். ஆற்றைத் தாண்டி ஒரு துருக்கிக்காரர் கடை இருக்கிறதென்று கேள்விப்பட்டிருக்கிறாளாம். நாளைக்குக் காலை இரண்டு பேருமாகப் போய்ப் பார்க்கப் போகிறார்களாம்.